வரிக்குதிரைக் கோடுகளும் விளிம்பை இழந்த தட்டும்

என் சமையலறைச் சன்னலோரத்தில் இரண்டு சிறிய பால் ஜாடிகள் அருகருகே நிற்கின்றன. ஒன்றை ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் வாங்கினேன். மற்றதை மூன்று ஆண்டுகள் கழித்து, வேறோர் ஊரின் பழைய பொருட்கடையில், மங்கிப்போன கண்ணாடிக் கிண்ணங்களுக்குப் பின்னால் கண்டெடுத்தேன். இரண்டும் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில், பர்ஸ்லெம் பகுதியில் இருந்த மிட்வின்டர் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. இரண்டிலும் 'ஸாம்பெஸி' என்ற ஒரே அலங்காரம், அதாவது வெள்ளை உடலின் மேல் வரிக்குதிரையின் தோலைப்போல் வளைந்து நெளிந்தோடும் கறுப்புக் கோடுகள். முதல் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். ஆனால் ஒரு மாலையில் சும்மா உட்கார்ந்து கோடுகளை எண்ணியபோது, ஒன்றில் இருந்ததைவிட மற்றதில் இரண்டு கோடுகள் கூடுதலாக இருந்தன. ஒன்றில் கோடு தடித்துத் தொடங்கிச் சட்டென்று மெலிகிறது. மற்றதில் நடுவில் தடித்து இரு முனைகளிலும் இழைபோல் முடிகிறது. இவற்றை வரைந்தது இயந்திரம் அன்று, இரண்டு வெவ்வேறு கைகள் என்பதை அந்த மாலையில்தான் கண்ணால் கண்டுகொண்டேன்.

எங்கள் வீட்டில் சாப்பிடும் தட்டுக்கே 'பீங்கான்' என்றுதான் பெயர். பொருளின் பெயரே கலத்தின் பெயராகிவிட்ட பேச்சுவழக்கில் வளர்ந்தவனுக்கு, அந்தக் கலத்தின் மேலுள்ள ஓவியம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் வாழத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆனபின், இந்த இரண்டு ஜாடிகள்தாம் அக்கேள்வியைக் கேட்க வைத்தன. 1950-களின் பிரிட்டிஷ் சாப்பாட்டு மேசைக்கு நவீன ஓவியம் எப்படி வந்துசேர்ந்தது? யாருடைய கை வழியாக வந்தது?

கதையை வெறும் வெள்ளைத் தட்டிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942-இல், பிரிட்டிஷ் அரசு உள்நாட்டுச் சந்தைக்கு அலங்காரம் செய்த பீங்கான் கலங்களை விற்பதற்குத் தடை விதித்தது. நாட்டு மக்களுக்கு வெறும் வெள்ளைக் கலங்கள் மட்டுமே. பூவும் பொன்விளிம்பும் கொண்டவை எல்லாம் டாலர் ஈட்டுவதற்காகக் கப்பலேறின. போர் முடிந்தும் இந்தக் கட்டுப்பாடு முடியவில்லை, 1952 வரை நீண்டது. பத்தாண்டுகள் என்பது சிறு காலம் அன்று. போர்க்காலத்தில் பிறந்த ஒரு குழந்தை பள்ளியில் பாதி தூரம் கடந்துவிடும் அளவுக்கு, ஒரு நாடு முழுவதும் நிறமற்ற தட்டில் சாப்பிட்டது. 1951-இல் இலண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் நடந்த 'பிரிட்டன் விழா'வில் மக்கள் வண்ணத்தையும் புது வடிவங்களையும் கூட்டங்கூட்டமாகச் சென்று பார்த்தார்கள் என்றால், அதன் பின்னே இந்தப் பசியும் இருந்தது. அந்த விழாவுக்காக ஹெலன் மெகா என்ற படிகவியல் அறிஞரின் வழிகாட்டலில், அணுக்களின் படிக அமைப்பு வரைபடங்களையே திரைச்சீலைக்கும் சுவர்த்தாளுக்கும் பீங்கானுக்கும் அலங்காரமாக்கும் முயற்சியில் 28 உற்பத்தியாளர்கள் சேர்ந்தார்கள். அறிவியல் வரைபடமும் அரூப ஓவியமும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கிவிட்டன என்பதை அந்தத் துணிகள் காட்டின. ஆனால் அவை கண்காட்சிப் பொருட்கள். தட்டு வீட்டுக்குள் வர வேறொரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழி கனடாவின் டொரான்டோவில் திறந்தது. மிட்வின்டர் நிறுவனம் 1910-இல் தொடங்கப்பட்ட ஒரு குடும்பத் தொழில். நிறுவனரின் மகன் ராய் மிட்வின்டர் 1946-இல் அதில் சேர்ந்தார். 1952-இல் அவர் தம் மாதிரிகளைப் பெட்டியில் சுமந்துகொண்டு வட அமெரிக்காவுக்கு விற்பனைப் பயணம் போனார். டொரான்டோவின் பெரிய கடை ஒன்றில் கொள்முதல் அதிகாரி அவற்றைப் பார்த்துவிட்டு, இனிமேல் ஸ்டோக்கிலிருந்து ஆங்கில ரோஜாப்பூக்களைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வருகிற அடுத்த ஆளைச் சுட்டுவிடப்போவதாகச் சொன்ன கதை, அந்தத் தொழிலின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் சொல்லப்படுவது. ராய் மனம் வாடித் திரும்பிவிடவில்லை. அந்த அதிகாரி விரும்பும் பொருட்கள் எப்படிப்பட்டவை என்று தேடிப் பார்த்தார். ஈவா ஸைசலும் ரேமண்ட் லோவியும் வடிவமைத்த அமெரிக்கக் கலங்களின் வளைவுகள் அவர் கண்ணில் பட்டன. அடுத்த ஆண்டு, 1953-இல், 'ஸ்டைல்கிராஃப்ட்' என்ற புதிய வடிவ வரிசையை மிட்வின்டர் வெளியிட்டது. 1955-இல் அதைவிட நெகிழ்ந்த வளைவுகளோடு 'ஃபேஷன்' வரிசை வந்தது. அதில் ஸைசலின் சாயலை யாரும் மறைக்க முயலவில்லை.

இந்த இடத்தில் தட்டின் வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். நவீன ஓவியம் எப்படித் தட்டில் ஏறியது என்பதற்கான விடையில் பாதி, ஓவியத்தில் அன்று, தட்டின் விளிம்பில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பழைய ஆங்கிலத் தட்டுக்கு இரண்டு பகுதிகள் உண்டு: உணவு இருக்கும் குழிந்த நடு, அதைச் சுற்றிலும் தட்டையாக விரிந்த அகன்ற விளிம்பு. அலங்காரத்தின் இலக்கணமும் அதற்கேற்ப அமைந்திருந்தது. விளிம்பில் ஒரு வரிப்பட்டை, நடுவில் ஒரு பூங்கொத்து. அதாவது ஒரு படமும் அதற்கு ஒரு சட்டமும். அமெரிக்காவிலிருந்து வந்த புதிய தட்டுக்கு அந்த விளிம்பு இல்லை. நடுவிலிருந்து ஓரம்வரை தடையின்றி மெல்ல மேலெழும் ஒரே வளைபரப்பு அது. சில தட்டுகள் வட்டத்தையும் விட்டுவிட்டு, அக்காலத் தொலைக்காட்சித் திரையைப்போல் மூலைகள் மழுங்கிய சதுரமாயின. விளிம்பு போனதும் சட்டமும் போயிற்று. பூங்கொத்தை எங்கே வைப்பது, வரிப்பட்டையை எங்கே ஓட்டுவது என்பதற்கு விடை இல்லாமல் போனது. முழுப் பரப்பையும் ஒரே மூச்சில் நினைத்து வரைந்தாக வேண்டும். ஹோவான் மிரோ, பால் க்ளே போன்ற நவீன ஓவியர்கள் ஓவியத்துணியில் செய்துகொண்டிருந்தது ஏறத்தாழ இதைத்தான்: மையமும் ஓரமும் என்ற ஏற்றத்தாழ்வு இல்லாமல், மிதக்கும் வடிவங்களையும் மெல்லிய கோடுகளையும் வெளியெங்கும் பரப்புவது. பழைய விளிம்புத் தட்டில் மிரோவை ஏற்றினால் அது சட்டத்துக்குள் சிக்கிய படமாகத்தான் இருக்கும். விளிம்பில்லாத் தட்டில் அது தானாக வந்து உட்கார்ந்தது.

இதற்கு முன் ஒருமுறை நவீன ஓவியத்தை நேரடியாகவே தட்டில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1934-இல் இலண்டன் ஹாரட்ஸ் கடையில் ஒரு காட்சி நடந்தது. பார்பரா ஹெப்வொர்த், பென் நிகல்சன், பால் நாஷ், வனெஸா பெல், டங்கன் கிரான்ட், கிரஹாம் சதர்லண்ட் என அன்றைய ஓவிய உலகின் பெயர்களெல்லாம் அதில் இருந்தன. அவர்கள் அனுப்பிய வரைபடங்களை ஸ்டோக்கின் தொழிற்சாலைகள் கலங்களில் ஏற்றின. அந்தப் பொறுப்பில் பெரும்பங்கை ஏற்றவர், அப்போதே தம் துணிச்சலான வண்ணங்களுக்காகப் புகழ்பெற்றிருந்த கிளாரிஸ் கிளிஃப். வணிகரீதியில் அம்முயற்சி தோற்றது. நான் அந்தக் கலங்களில் சிலவற்றை அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். அழகானவைதாம். ஆனாலும் தாளில் பிறந்த ஒன்றைத் தட்டு கடன்வாங்கி உடுத்தியிருப்பதுபோல்தான் எனக்குத் தோன்றியது. ஓவியர் ஓரிடத்திலும் கலம் வேறோரிடத்திலும் இருந்தன. இடையில் இருந்த கை வெறுமனே பார்த்து எழுதுகிற கையாக இருந்தது.

ஜெஸ்ஸி டெய்ட்டின் கதை அதற்கு நேர்மாறு. 1928-இல் ஸ்டோக்கில் பிறந்து, பர்ஸ்லெம் கலைப்பள்ளியில் படித்து, சார்லட் ரீட் என்ற மூத்த வடிவமைப்பாளரிடம் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு, 1946-இல் மிட்வின்டரில் சேர்ந்தவர் அவர். இலண்டனின் ஓவியக்கூடங்களிலிருந்து அழைத்துவரப்பட்டவர் அல்லர். களிமண்ணும் சூளைப்புகையும் நிறைந்த அந்த ஊரின் பெண். தூரிகையில் எவ்வளவு வண்ணம் நிற்கும், அது எத்தனை அங்குலத்தில் தீரும், சுட்டபின் கறுப்பு எவ்வளவு ஆழ்ந்து வரும் என்பவை அவருக்குத் தொழிலின் அரிச்சுவடி. ஸ்டைல்கிராஃப்ட் வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. 'ரெட் டாமினோ' 1953-இல் வந்தது: சிவப்பு ஓரத்தில் வெண்புள்ளிகள், அவ்வளவுதான், அதைப் பலரும் போட்டிபோட்டு நகலெடுத்தார்கள். 1954-இல் 'ப்ரிமவேரா', அடுத்து 'ஃபெஸ்டிவல்', 1956-இல் 'ஸாம்பெஸி'. இலைபோன்ற வடிவங்கள், உயிரணுக்களை நினைவூட்டும் வட்டங்கள், எலும்புபோல் மெலிந்த கோடுகள் என்று அந்தப் பத்தாண்டின் ஓவியங்களிலும் சிற்பங்களிலும் மிதந்த எல்லாமே அவருடைய தட்டுகளில் இருக்கின்றன. அலெக்ஸாண்டர் கால்டரின் தொங்கும் சிற்பங்களையும் ழான் ஆர்ப்பின் உருண்ட வடிவங்களையும் அறிந்த கண்ணுக்கு அந்த உறவு உடனே தெரியும். ஆனால் எந்தத் தட்டிலும் எந்த ஓவியரின் நகலும் இல்லை. ஓவிய உலகின் மொழியைக் கேட்டு, அதைத் தூரிகையின் ஒரே வீச்சுக்குள் அடங்கும் சொற்களாகத் தமக்கென்று மாற்றிக்கொண்டார் ஜெஸ்ஸி.

ஒரே வீச்சு என்பதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. அது கூலிக் கணக்கு. ஜெஸ்ஸி வடிவமைத்ததை நாள்முழுதும் தட்டு தட்டாக வரைந்தவர்கள் வேறு பெண்கள். 'பெயின்ட்ரஸ்' என்றுதான் ஸ்டோக்கில் அவர்களுக்குப் பெயர். அவர்களுக்குச் சம்பளம் மணிக்கணக்கில் அன்று, டஜன் கணக்கில். ஒரு அலங்காரத்தில் ஒரு வீச்சு கூடினால் கலத்தின் விலை கூடும் அல்லது பெண்ணின் நாள்வருமானம் குறையும். ஆகவே கையால் வரையும் அலங்காரத்தை வடிவமைப்பவர், சிக்கனமான அசைவுகளைக் கொண்டு நிறைவான பரப்பை உருவாக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஸாம்பெஸியின் மேதைமை அங்கேதான் இருக்கிறது. வரிக்குதிரைக் கோடு சற்று விலகினாலும் பிழையில்லை. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தோல் தோலாகவே இருக்கும். கையின் இயல்பான வேறுபாட்டைக் குறையாக ஒதுக்காமல் அலங்காரத்தின் உயிராகவே ஏற்றுக்கொண்ட வடிவம் அது. ஆனாலும் எப்படியும் வரைந்துவிடலாம் என்றும் எண்ணிவிடக் கூடாது. கோடு தயங்கக் கூடாது. தயங்கிய இடம் சுட்டபின் அப்படியே தெரியும்.

இதை உடம்பால் உணர்ந்துகொள்ள விரும்பி, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைநேர மட்பாண்ட வகுப்பில் சேர்ந்தேன். முதற்சூளையில் சுட்டு, கண்ணாடிபோன்ற மெருகு பூசாத மண்கலத்தின் மேல் கோடிழுக்கச் சொன்னார் ஆசிரியர். அந்தப் பரப்பு ஒற்றுத்தாளைப்போல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தூரிகை தொட்ட கணமே நீரைக் குடித்துவிட, வண்ணம் அங்கேயே நின்றுவிடுகிறது. நான்கு அங்குலக் கோடு இழுக்க நினைத்தவன் ஒன்றரை அங்குலத்தில் சிக்கிக்கொண்டேன். மெருகிட்டுச் சுட்ட பரப்பின் மேல் வரைந்தாலோ இடர் வேறுவிதமானது. அது வழுக்கும், வண்ணத்தை எண்ணெயில் குழைத்து நிறுத்த வேண்டும். ஒரு மணி நேரத்தில் எட்டுத் தட்டுகளைக் கெடுத்தேன். ஒன்பதாவது தட்டில் ஒரு கோடு மட்டும் தயக்கமின்றி வந்தது. அதே கோட்டை மறுபடி வரைய என்னால் முடியவில்லை. 'கட்டற்ற கோடு' என்று ஓவிய விமரிசனங்களில் படித்தபோதெல்லாம் அது ஒருமுறை நிகழ்வது, திரும்ப வராதது என்றே நினைத்திருந்தேன். பர்ஸ்லெமின் அந்தப் பெண்கள் கட்டற்ற கோட்டை நாளுக்குப் பல நூறு முறை, கட்டற்றதாகவே, வரைந்திருக்கிறார்கள். நவீன ஓவியம் தன் பெருமையாகச் சொல்லிக்கொண்ட தன்னிச்சை அந்த மேசைகளில் ஒரு தேர்ச்சியாக, ஒரு பிழைப்பாக மாறியிருந்தது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தன்னிச்சை என்ற சொல்லின் பொருளே அங்கு இன்னும் ஆழமாகிறது என்றுதான் நினைக்கிறேன்.

மிட்வின்டருக்கு வெளியிலிருந்தும் கலைஞர்கள் வந்தார்கள். பிரிட்டன் விழாவின் கட்டடக்கலை இயக்குநராக இருந்த ஹியூ கேஸன், தெற்கு பிரான்சின் கடற்கரை ஊர்களைப் பேனா மையும் நனைந்த வண்ணமுமாகத் தீட்டிய 'ரிவியரா' 1954-இல் வந்தது. இளைஞர் டெரன்ஸ் கான்ரன் 1955-இல் 'நேச்சர் ஸ்டடி' என்ற தொகுப்பில் இலைகளையும் பூச்சிகளையும் பாடநூல் வரைபடம்போல் கறுப்பில் வரைந்தார். அடுத்து தொட்டிச்செடிகளைக் கொண்ட 'பிளான்ட் லைஃப்', 1957-இல் 'செக்கர்ஸ்'. இந்தச் செக்கர்ஸ் முதலில் 1951-இல் அச்சுத்துணிக்காக அவர் வரைந்தது என்பது முக்கியமான செய்தி. நவீன ஓவியம் நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. முதலில் சன்னல் திரைகளில் வந்து, வீட்டாரின் கண்ணைப் பழக்கியது. அதே 1951-இல் லூசியன் டே வடிவமைத்த 'கேலிக்ஸ்' திரைத்துணி, மிரோவின் கிண்ணவடிவங்களையும் க்ளேயின் நுண்கோடுகளையும் ஆயிரக்கணக்கான வீடுகளின் சன்னலுக்குப் பொருத்தமானதாக்கியிருந்தது. கான்ரனுக்கோ ஓவிய உலகோடு நேரடி உறவே இருந்தது: இலண்டன் மத்திய கலைப்பள்ளியில் அவருக்குக் கற்பித்தவர் சிற்பி எட்வர்டோ பாவ்லோட்ஸி. இவ்வளவு இருந்தும், கான்ரனின் தட்டுகளை நான் மதிக்கிறேனே தவிர, ஜெஸ்ஸியின் தட்டுகளைப்போல் நேசிக்கவில்லை. கான்ரனுடையவை அச்சில் ஏறிய நல்ல வரைபடங்கள்; அவை தாளிலும் துணியிலும் இதே அழகோடு இருந்திருக்கும்.

அச்சு என்றாலே உயிரற்றது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மறுப்பாக ஒரு தட்டே இருக்கிறது. ஸ்டோக்கின் ரிட்ஜ்வே நிறுவனத்துக்காக எனிட் சீனி வடிவமைத்த 'ஹோம்மேக்கர்', 1957-இல் மலிவு விலைக் கடைத்தொடரான வுல்வர்த்ஸின் கடைகளுக்கு வந்தது. 'மெட்ரோ' என்ற அதன் கல வடிவம் டாம் ஆர்னால்டுடையது. வெள்ளையில் கறுப்பு மட்டுமே. பின்னணியில் ஒழுங்கற்ற சிறு கோடுகள் அடர்ந்திருக்க, நடுவே ஒரு வீட்டின் சாமான்கள் மிதக்கின்றன: அறைகலன் வடிவமைப்பாளர் ராபின் டேயின் சாய்வு நாற்காலி, ஸிக்வார்ட் பெர்னடாட்டின் இருவர் அமரும் சோபா, சிறுநீரக வடிவ மேசை, முக்காலி விளக்கு, செடித்தாங்கி. மிரோவின் ஓவியத்துணியில் விண்மீன்களும் பறவைகளும் மிதந்த அதே முறையில், இங்கே தவணையில் வாங்கக்கூடிய நாற்காலிகள் மிதக்கின்றன. உண்மையான ராபின் டே நாற்காலியை வாங்க முடியாத புதுமணத் தம்பதியர் அதைத் தட்டில் வாங்கினார்கள். ஒரே நிறத்தில், மெருகுக்குக் கீழே, இயந்திரத்தில் அச்சிட முடிந்ததால்தான் வுல்வர்த்ஸ் விலைக்கு அதைத் தர முடிந்தது. எனவே அந்தக் கறுப்பு-வெள்ளை, அழகுணர்வு எடுத்த முடிவு மட்டும் அன்று, உற்பத்திச் செலவு எடுத்த முடிவும்கூட. அந்தத் தடையையே தன் முகமாக்கிக்கொண்டதால்தான் இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அது இடம்பெற்றிருக்கிறது. என் நண்பரின் வீட்டில் இருக்கும் ஹோம்மேக்கர் தட்டில் கத்தி கீறிய தடங்கள் வலைபோல் படர்ந்திருக்கின்றன. அலங்காரம் மெருகுக்குக் கீழே இருப்பதால் கறுப்பு மங்கவே இல்லை.

இந்தக் கலங்களெல்லாம் எலும்புச் சாம்பல் கலந்து செய்யும் விலையுயர்ந்த போன் சைனா வகையைச் சேர்ந்தவை அல்ல. சாதாரண வெண்மண் கலங்கள். அன்றாடத் தட்டு உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற எளிமையே வாங்குபவருக்கும் விற்பவருக்கும் துணிவு தந்தது. திருமணப் பரிசாக வந்து கண்ணாடி அலமாரியில் தலைமுறைகள் நிற்கவேண்டிய தட்டில் யாரும் வரிக்குதிரையைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காலம் நீண்டு நிற்கவில்லை. 1960-களில் பல வண்ணங்களில் அச்சிட்டு ஒட்டும் படத்தாள்கள் தரமுயர்ந்து மலிவானபோது, டஜன் கணக்கில் கையால் வரைவது கட்டுப்படியாகாமல் போயிற்று. 1962-இல் டேவிட் குவீன்ஸ்பெரி வடிவமைத்த 'ஃபைன்' வரிசை நெளிவுகளை விட்டுவிட்டு நேரான உருளை வடிவத்துக்குப் போனது. ஜெஸ்ஸி அதற்கும் அலங்காரம் செய்தார். பின்னர் வந்த அவருடைய 'ஸ்பானிஷ் கார்டன்' நன்றாக விற்பனையான அச்சு அலங்காரம். 1968-இல் மிட்வின்டர் வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. 1970-இல் பெரிய மட்பாண்ட நிறுவனமான வெட்ஜ்வுட் அதை வாங்கியது. 1987-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஜெஸ்ஸி 1974-இல் ஜான்சன் பிரதர்ஸ் என்ற மட்பாண்ட நிறுவனத்துக்கு மாறி அங்கும் வடிவமைத்தார். 2010-இல் மறைந்தார்.

சென்ற இலையுதிர்காலத்தில் ஸ்டோக்கின் ஹான்லி பகுதியிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு, மாலையில் அதே நகரின் லாங்டன் பகுதியிலுள்ள கிளாட்ஸ்டன் மட்பாண்ட அருங்காட்சியகத்துக்கும் போனேன். ஒரு காலத்தில் இந்த ஊர் வானத்தை மறைத்து நின்ற புட்டிவடிவச் சூளைகளில் எஞ்சியிருக்கும் சில, அங்கே செங்கல் தொப்பையோடு நிற்கின்றன. உள்ளே ஒரு மேசையில், வயது முதிர்ந்த ஒரு பெண்மணி சுழல்தட்டின் மேல் ஒரு கோப்பைத் தட்டை வைத்து, ஒரு கையால் சுழற்றியபடி மறுகையில் தூரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஓரக்கோடு இட்டுக்காட்டினார். தூரிகை அசையவில்லை, தட்டுதான் அதன் கீழே ஓடிற்று. கோட்டின் தொடக்கமும் முடிவும் சேர்ந்த இடத்தை நான் குனிந்து தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனை ஆண்டு இந்த வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். பதினைந்து வயதில் தொடங்கியதாகச் சொல்லிவிட்டு, அடுத்த தட்டை எடுத்து வைத்தார்.

வீடு திரும்பியதும் என் இரண்டு ஜாடிகளையும் எடுத்து, விளக்கொளியில் கைப்பிடியருகே திருப்பிப் பார்த்தேன். உடலும் கைப்பிடியும் சேரும் அந்த இடுக்கில் தூரிகை எளிதில் நுழையாது. முதல் ஜாடியை வரைந்தவர் அந்த இடத்துக்கு முன்னதாகவே கோட்டை மெலித்து நிறுத்தியிருக்கிறார். இரண்டாவதை வரைந்தவர் கோட்டைக் கைப்பிடிக்குக் கீழே நுழைத்து, மறுபக்கம் அதே தடிப்பில் வெளியே எடுத்திருக்கிறார்.